வைரஸ் கேட்காத கேள்வி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே போய்க் குருசுக்குப்பத்தைத் தாண்டினால் வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் என்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கரை அது. மற்ற நாள்களில் வலையும் படகும் மீன்கூடையுமாக இருக்கும் மீனவர் குடியிருப்பு. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் சில நிமிடங்கள்தான். கோரிமேடு பக்கம் போனால் ஜிப்மர். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஆலோசனை இலவசம், தொற்று இருந்தால் ஆயுள் முழுக்க மருந்தும் இலவசம்.

ஆனாலும் இப்படி ஒரு குப்பத்தில் வளரும் இளைஞனுக்கு, அவனுடைய ஈர்ப்பு ஆண்களின் மீது என்றால், அந்தச் சில நிமிடத் தூரத்தைக் கடக்கச் சில ஆண்டுகள் ஆகிவிடலாம். தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மருத்துவமனை வரிசையில் பக்கத்து வீட்டு அத்தை நிற்கக்கூடும். காய்ச்சல் விடாமல் அடித்து, எடை குறைந்து, காசநோயும் சேர்ந்துகொண்ட பிறகு வருகிறவர்களை எந்த ஊர் மருத்துவரும் பார்த்திருப்பார். எச்.ஐ.வி. பற்றிய அறிவியல் இன்று வந்து நிற்கும் இடத்தை வைத்துப் பார்த்தால், இப்படி ஒருவர்கூட வரக் காரணமில்லை.

வருகிறார்களே, ஏன்? முதலில் எண்களைப் பார்க்கலாம்.

நூற்றில் எத்தனை பேர்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாக்கோவின் 2021 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் 0.21 சதவீதம். அதே காலத்தில் நடந்த கண்காணிப்பு ஆய்வில், ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே அந்த அளவு 3.26 சதவீதம், திருநங்கையரிடையே 3.78 சதவீதம். அதாவது பதினைந்து முதல் பதினெட்டு மடங்கு. பரப்பில் சின்னதான புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும் தேசிய சராசரிக்கு மேலே இருக்கும் பட்டியலில் இடம்பெற்று வந்திருக்கிறது.

சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 12 இந்திய நகரங்களில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உயர்ந்த எண்ணைக் காட்டியது. 12,022 ஆண்களைப் பரிசோதித்ததில் தொற்று 7 சதவீதம். அரசின் கண்காணிப்பு பெரும்பாலும் தடுப்புத் திட்டங்களுக்கு வந்து போகிறவர்களிடம் ரத்தம் எடுக்கிறது. இந்த ஆய்வோ ஒருவரிடம் கூப்பன் கொடுத்து அவருடைய நண்பர்களை அழைத்து வரச் சொன்னது. அவர்கள் தங்கள் நண்பர்களை அழைத்து வந்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்களும் அந்தச் சங்கிலியில் வந்து சேர்ந்தார்கள்.

இந்த எண்களைத் திருப்பியும் படிக்கலாம். நூறு பேரில் தொண்ணூற்று மூன்று முதல் தொண்ணூற்றேழு பேருக்குத் தொற்று இல்லை என்றும் அவை சொல்கின்றன. ஓர் அடையாளம் நோயைக் கொடுக்குமானால் கணக்கு இப்படி வராது. யாரிடம் தொற்று அதிகம் என்பதை எண்கள் காட்டுகின்றன. எப்படி அதிகமானது என்பதற்கு விடை உடலின் உள்ளே, சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு சவ்வில் இருந்து தொடங்குகிறது.

ஓரடுக்குச் சவ்வு

எச்.ஐ.வி. எல்லாச் செல்களிலும் நுழைந்துவிடாது. சி.டி.4 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய நோயெதிர்ப்புச் செல்தான் அதன் இலக்கு. அந்தச் செல்லைத் தொடுவது வரை வைரஸ் உயிரில்லாத ஒரு துகளுக்குச் சமம். ஆகவே பாலுறவில் தொற்றுவதா வேண்டாமா என்பது பெரிதும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: வைரஸுக்கும் சி.டி.4 செல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

பெண்ணுறுப்பின் உட்சுவர் பல அடுக்குச் செல்களால் ஆனது. மலக்குடலின் உட்சுவரில் இருப்பது ஒரே ஓர் அடுக்கு. செங்கல் சுவருக்கும் ஓலைத் தட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. தட்டிக்கு நேர் பின்னால் சி.டி.4 செல்கள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன, ஏனென்றால் உடலின் நோயெதிர்ப்புத் திசுவில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. உணவோடு வரும் கிருமிகளைச் சமாளிக்க இயற்கை செய்த ஏற்பாடு, எச்.ஐ.வி.க்கு வசதியாகப் போய்விட்டது. பாலுறவுக்குத் தேவையான வழுவழுப்பும் மலக்குடலில் சுரப்பதில்லை. உராய்வில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட தொகுப்பில் இதற்குக் கணக்கு இருக்கிறது. மருந்து சாப்பிடாத, தொற்றுள்ள ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால், 10,000 முறையில் எத்தனை முறை தொற்றலாம்? ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு 138. அதே உறவில் செலுத்துபவருக்கு 11. ஆண்–பெண் வழக்கமான உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4.

இதில் 138 என்ற எண், ஏற்பவர் ஆணா, பெண்ணா, திருநங்கையா என்று பார்ப்பதில்லை. கணவனுடன் ஆசனவாய் உறவு கொள்ளும் மனைவிக்கும் அதே எண்தான். நீ யார் என்று வைரஸ் கேட்பதில்லை. எந்தத் திசு, எவ்வளவு வைரஸ், இடையில் தடுப்பு உண்டா இல்லையா என்பவைதான் அதற்குக் கணக்கு.

சவ்வு கதையின் பாதிதான். மீதிப் பாதி, தொடர்புகளின் அமைப்பு. ஆண்–பெண் உறவில் அதிக ஆபத்துள்ள இடமும் குறைந்த ஆபத்துள்ள இடமும் மாறுவதில்லை. ஆண்களுக்கிடையிலான உறவில் ஒருவரே ஒருநாள் ஏற்பவர், இன்னொரு நாள் செலுத்துபவர். எளிதில் தொற்றைப் பெறும் நிலையில் இருந்தவர், அதைத் தரும் நிலைக்கும் வருகிறார். மேலும் இந்த வட்டம் சிறியது, மூடியது. ஏற்கெனவே தொற்று கூடுதலாக உள்ள சிறு வட்டத்துக்குள் துணையைத் தேடுகிறவருக்கு, நடத்தை மற்றவர்களைப் போலவே இருந்தாலும், ஒவ்வொரு சந்திப்பின் ஆபத்தும் கூடுகிறது.

கிறிஸ் பேரர் தலைமையிலான குழு 2012-இல் 'தி லான்செட்' இதழில் இதை ஒரு கணித மாதிரியாகச் சோதித்துப் பார்த்தது. ஆசனவாய் உறவின் தொற்று வாய்ப்பு, ஆண்–பெண் உறவின் அளவுக்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்தாண்டுகளில் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே புதிய தொற்று 80 முதல் 98 சதவீதம் வரை குறைந்திருக்கும் என்று விடை வந்தது. ஒழுக்கத்தின் தலையில் கட்டப்பட்ட பழியின் பெரும்பங்கு, திசுவின் தடிமனுக்குச் சேர வேண்டியது.

தேங்காய் எண்ணெயும் லேட்டக்ஸும்

தடுப்பு என்றதும் ஆணுறை. விளம்பரங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அடுத்த சிக்கல் தெரியும்: "யூஸ் பண்ணோம்க்கா, கிழிஞ்சிடுச்சு."

கிழிவதற்குக் காரணம் பல நேரங்களில் வீட்டுக் குளியலறையில்தான் இருக்கும். வழுவழுப்புக்காகக் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில். லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால். எண்ணெய் பட்டால் அதன் மூலக்கூறு வலை தளர்ந்து உப்பும். மினரல் ஆயிலில் அறுபது விநாடிகள் பட்டாலே ஆணுறையின் வலிமை சுமார் 90 சதவீதம் போய்விடுகிறது என்று 1989-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கண்ணுக்கு அது அப்போதும் முழுசாகத்தான் தெரியும்.

நீர் சார்ந்த ஜெல்லோ சிலிக்கான் ஜெல்லோ லேட்டக்ஸை ஒன்றும் செய்வதில்லை. ஆணுறையோடு ஒரு ஜெல் பாக்கெட்டும் கையில் இருந்தால் பாதுகாப்பு கூடுகிறது. ஜெல் இல்லாமல் ஆணுறையை மட்டும் அள்ளிக் கொடுத்தால் கிழிசல்தான் பாக்கி. சில ரூபாய் விலையுள்ள அந்த ஜெல்லைப் பெட்டிக்கடையில் கேட்டு வாங்க முடியாது. மருந்துக்கடையில் கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் எண்ணெய்க்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கையில் ஆணுறை, தலைக்கு மேல் 377

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இந்த ஆய்வில் இறக்கினார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டன, ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. 'அது வெளிநாட்டு நோய், நம்ம ஊருக்கு வராது' என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அதிர்ச்சி. சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கியதுதான் மேலே சொன்ன ஒய்.ஆர்.ஜி. கேர்.  

தொற்று கண்டுபிடிக்கப்பட்ட நாட்டில், தடுப்பு வேலை சட்டத்தில் போய் முட்டியது. ஆண்களுக்கிடையிலான உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு குற்றமாக வைத்திருந்தது. 2001 ஜூலையில் லக்னோவில், ஆண்களிடையே எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்துகொண்டிருந்த பணியாளர்களைக் காவல்துறை கைது செய்தது. விழிப்புணர்வுப் பிரசுரங்களே சாட்சிப் பொருள்களாயின. ஒன்றரை மாதம் அவர்கள் சிறையில் இருந்தார்கள். அதற்குப் பின் எந்த ஊரிலும் களப்பணியாளர் பையில் ஆணுறைகளோடு பூங்காவுக்குள் நுழையும்போது, பை கொஞ்சம் கனத்தது. 377-வது பிரிவு தடுப்பு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று 2006-இல் நாக்கோவே டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. உள்துறை அமைச்சகம் எதிர்ப் பக்கம் நின்றது.

புதுச்சேரியில் இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. பிரான்ஸ் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து இந்தக் குற்றத்தை 1791-லேயே எடுத்துவிட்டது. பிரிட்டிஷார் 1860-இல் எழுதிய 377, பிரெஞ்சு ஆட்சி போய் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தபோதுதான் இந்த ஊருக்குள் வந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இறுக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை அதிலிருந்து விடுவித்தது.

சட்டம் போனதும் கூச்சம் போய்விடவில்லை. சென்னையில், ஆண்களை நாடும் பெண்மைச் சாயலுள்ள ஆண்களான 'கோத்தி'களிடம் வெங்கடேசன் சக்ரபாணி குழு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, காவல்துறையின் தொந்தரவு, ரவுடிகளின் தாக்குதல், குடும்பத்தின் புறக்கணிப்பு ஆகியவை ஒன்றோடொன்று பின்னி எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டும் விதத்தைப் பதிவு செய்தது. அடிக்குப் பயந்து இருட்டில் அவசரமாக நடக்கும் சந்திப்பில் ஆணுறை எடுக்க நேரமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. பிற்பாடு அதே குழு, மனச்சோர்வும் குடியும் வன்முறையும் ஒரே ஆளிடம் சேரும்போது ஆபத்து கூட்டலாக அன்றிப் பெருக்கலாக ஏறுவதை அளந்து காட்டியது.

டாக்டர் கேட்காதது

பாலியல் ஆரோக்கியம் எச்.ஐ.வி.யோடு முடிவதில்லை. மேகப்புண், வெட்டை, கிளமிடியா, ஹெபடைடிஸ் பி, மனிதப் பாப்பிலோமா வைரஸ் எல்லாம் இதே வழியில் வருகின்றன. மேகப்புண்ணால் வரும் ஒரு சிறு புண், எச்.ஐ.வி.க்குக் கதவைத் திறந்து வைக்கிறது. புண்ணைச் சுற்றிச் சி.டி.4 செல்கள் கூடிவிடுகின்றன.

ஆசனவாய்க்குள் வரும் புண் வலிக்காமல் இருக்கலாம். வெட்டை அங்கே அறிகுறியே காட்டாமல் தங்கலாம். மருத்துவர் கேட்டால்தான் தெரியும், பார்த்தால்தான் தெரியும். 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் அடுத்த கேள்வியை விட்டுவிடும் மருத்துவருக்கு அது கடைசி வரை தெரியாது. வந்தவரும் 'மூலம்' என்று சொல்லி ஒரு களிம்போடு வீட்டுக்குப் போய்விடுவார்.

மருத்துவப் பாடப்புத்தகங்களே இதற்கு ஒரு காரணம். ஓரின ஈர்ப்பைப் பிறழ்வு என்று சொல்லும் பக்கங்கள் அண்மைக் காலம் வரை அச்சாகி வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில், புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவு, ஈர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் முறைகேடு என்றே அறிவித்தது.

மருத்துவருக்கும் வந்தவருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'டி.ஐ.' என்று களத்தில் அழைக்கப்படும் தடுப்புத் திட்டம். அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் களப்பணியாளராகச் சேர்கிறார். சுமார் அறுபது பேருக்கு ஒருவர் என்பது நாக்கோவின் கணக்கு. ஆணுறை, ஜெல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., மேகப்புண் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, உட்கார்ந்து பேச ஓர் அறை, இவ்வளவுதான் திட்டம். புதுச்சேரியில் 'சகோதரன்' அமைப்பு பாலியல் சிறுபான்மையினரிடையே இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது. "வாடி, நானும் கூட வரேன், டெஸ்ட் எடுத்துட்டு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால், முன்பு சொன்ன அந்த ஆட்டோ பயணம் நடந்துவிடுகிறது.

பரிசோதனை அறைக்குள் நடப்பது எளிமையானது. முதலில் ஆலோசகர் பேசுவார், சம்மதம் கேட்பார். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி சம்மதமின்றிப் பரிசோதிக்கவும் முடிவை வெளியே சொல்லவும் கூடாது. கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ஒரு சொட்டு, ஒரு பட்டையின் மீது. ஒரு கோடு தெரிந்தால் பரிசோதனை சரியாக நடந்திருக்கிறது, தொற்று தெரியவில்லை. இரண்டு கோடுகள் வந்தாலும் அதை முடிவாகச் சொல்ல மாட்டார்கள். வேறு வேறு விதமாக வேலை செய்யும் இன்னும் இரண்டு கருவிகளில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் 'பாசிட்டிவ்'. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்புரதம் உருவாகியிருக்காது என்பதால், அண்மையில் ஆபத்துக்குள்ளானவரை மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள்.

சித்திரை வந்தால் இந்த வேலை திருவிழாக் களத்துக்கு மாறும். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் நாடெங்கும் உள்ள திருநங்கைகள் கூடுகிறார்கள். புதுச்சேரிப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் விழா உண்டு. திருநங்கைகள் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் இரவுக்கு முன்பே விழுப்புரத்தில் விழிப்புணர்வு மேடைகளும் பரிசோதனை முகாம்களும் தொடங்கிவிடும்.

இப்போது களமே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு பேருந்து நிலையம், பூங்கா, கடற்கரை என்று பட்டியல் போட்டு ஆளைத் தேடினார்கள். இன்று சந்திப்புகள் கைப்பேசிச் செயலிகளில் முடிவாகின்றன. வார இறுதிக்குப் பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்கும் பயணியும் குப்பத்து இளைஞனும் ஒரே திரையில் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மரத்தடியில் காத்திருக்கும் களப்பணியாளர் கண்ணில் இருவருமே படுவதில்லை.

ஒரே பெயருக்குள் பலர்

பாலியல், பாலினச் சிறுபான்மையினர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாலும் அவர்களுடைய உடல்நலக் கணக்கு ஒன்றல்ல.

திருநங்கைகளின் ஆபத்தை ஸ்டெஃபான் பரால் குழு 2013-இல் 15 நாடுகளின் தரவுகளிலிருந்து கணக்கிட்டது: சராசரித் தொற்று 19.1 சதவீதம். வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது, வேலை கிடைக்காதது, பாலியல் தொழிலே பிழைப்பாவது என்று அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வழியில்லாமல் கருத்தடை மாத்திரையை ஹார்மோனாக விழுங்குகிறவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு போன்ற தனி ஆபத்துகள். தமிழ்நாட்டில் 2008-இல் நாட்டிலேயே முதலாவதாக அமைந்த திருநங்கையர் நல வாரியமும், அரசு மருத்துவமனைகளில் கிடைத்த பாலின மாற்று அறுவைச் சிகிச்சையும் மருத்துவப் படிப்பில்லாமல் உறுப்பை அகற்றும் 'தாயம்மா' கைகளில் உயிரைப் பணயம் வைத்த காலத்தைப் பெருமளவு மாற்றின.

திருநம்பிகள் இந்தக் கணக்குகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆண்களோடு உறவுள்ள திருநம்பிக்கு ஆபத்து உண்டு. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவரின் பிறப்புறுப்புச் சவ்வு மெலிந்து வறண்டுபோவதும் உண்டு. தாடி வைத்த ஒருவர் மகளிர் நோய்ப் பிரிவு வரிசையில் எப்படி நிற்பார்?

பெண்ணை நேசிக்கும் பெண்களிடையே எச்.ஐ.வி. மிக அரிது. அதனாலேயே பரிசோதனை எதுவும் தேவையில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் வரும். கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்ணுக்கு எச்.ஐ.வி. ஆபத்து கணவன் வழியாகவே வரலாம்.

மாத்திரையும் ஊசியும்

இந்தியாவில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. சி.டி.4 எண்ணிக்கை விழும்வரை காத்திருந்த காலம் 2017-இல் முடிந்தது. இப்போது தொற்று உறுதியானதும் மருந்து. பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும்.

அந்த மாத்திரை சாப்பிடுபவரை மட்டும் காப்பாற்றவில்லை. எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 இணைகள் பங்கேற்றன, சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் அதன் மையங்களில் ஒன்று. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் முடிவு வந்தது. அந்த இணைகள் அநேகமாக எல்லாம் ஆண்–பெண். ஓரடுக்குச் சவ்வுக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகம் மிச்சமிருந்தது. ஐரோப்பாவில் நடந்த 'பார்ட்னர் 2' ஆய்வு 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்தது. ஒருவருக்குத் தொற்று உண்டு, மருந்தால் ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. மற்றவருக்குத் தொற்று இல்லை. ஆணுறையில்லாமல் 76,088 முறை நடந்த ஆசனவாய் உறவில் அந்தத் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2019-இல் வந்த இந்தச் செய்தி தெரியாமலே இன்னும் பல குடும்பங்களில் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படுகின்றன.

தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை 'பிரெப்'. ஐபிரெக்ஸ் ஆய்வு 2010-இல் 2,499 பேரிடம் அதைச் சோதித்து 44 சதவீதப் பாதுகாப்பைக் கண்டது. தவறாமல் சாப்பிட்டவர்களிடம் பாதுகாப்பு இதைவிட மிக அதிகம். இந்திய நிறுவனங்கள் உலகுக்கே இந்த மருந்தைத் தயாரிக்கின்றன. நாக்கோ 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆணுறை கிழிந்த இரவுக்குப் பின் எடுக்கும் மருந்து வேறு: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எங்கே போவது என்று கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

தினமும் விழுங்கும் மாத்திரைப் பாட்டில் அம்மா கண்ணில் பட்டுவிடுமே என்ற பயத்துக்கு அறிவியல் 2024-இல் ஒரு விடை கொண்டுவந்தது. லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் ஊசி. ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் பங்கேற்ற 'பர்பஸ் 2' ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட 2,179 பேரில் தொற்றியது இரண்டே பேருக்கு. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் 2027 முதல் இதை ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்குத் தரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றதால், 2021-இல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திருநர் கிளினிக்காகத் திறந்த 'மித்ர்' மூடப்பட்டிருந்தது. ஊசி தயாராகும் அதே ஊரில், அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய ஓர் இடம் சில மாதங்களாவது இல்லாமல் போனது.

ரத்த வங்கிப் படிவம்

'யார்' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எப்படி' என்று கேட்க அரசுகள் கற்றுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க, ரத்ததானப் படிவம் நல்ல இடம். எண்பதுகளில் சோதனைக் கருவிகள் மந்தமாக இருந்த காலத்தில், ஆணுடன் உறவுள்ள ஆண்களின் ரத்தத்தை மொத்தமாக ஒதுக்குவது பல நாடுகளில் விதியானது. கருவிகள் கூர்மையானதும் விதிகள் மாறின. பிரிட்டன் 2021 ஜூனிலும் பிரான்ஸ் 2022 மார்ச் 16 அன்றும் அமெரிக்கா 2023-லும் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைக்கு வந்தன: அண்மையில் புதிய துணை உண்டா, எத்தனை பேர், என்ன வகை உறவு? இப்போது பாரீஸில் ஒரே துணையோடு வாழும் ஆண் ரத்தம் கொடுக்கலாம். பல பெண்களோடு உறவுள்ள ஆண் காத்திருக்க வேண்டும்.

புதுச்சேரியில் பொருந்துவது 2017-இல் இந்தியத் தேசிய ரத்த மாற்றக் குழு வெளியிட்ட விதி. அதில் திருநங்கைகள், ஆணுடன் உறவுள்ள ஆண்கள், பாலியல் தொழிலாளிப் பெண்கள் ஆகியோர் நிரந்தரமாக விலக்கப்பட்டவர்கள். இருபது ஆண்டுகளாக ஒரே துணையோடு இருப்பவரும், ஒவ்வொரு ஆறு மாதமும் பரிசோதித்துக்கொள்பவரும் அதே பட்டியலில்தான். மணிப்பூரைச் சேர்ந்த திருநர் செயற்பாட்டாளர் தங்ஜம் சாந்தா சிங் இதை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றம் போனார். தொற்று இந்தக் குழுக்களில் அதிகம் என்று மத்திய அரசு நம் முதல் பகுதியில் பார்த்த வகை எண்களையே பதிலாக வைத்தது. ரத்தம் பெறும் நோயாளியின் பாதுகாப்பும் குறையாமல், ஒரு சமூகத்தையே ஆபத்து என்று முத்திரை குத்தாமலும் விதியை எழுத முடியுமா என்று நிபுணர்களைக் கேட்டுச் சொல்லுமாறு 2025 மே மாதத்தில் நீதிபதிகள் அரசு வழக்கறிஞரிடம் கூறினார்கள்.